சம்பளமில்லா விடுப்பில் ஒரு விமானி: சார்ட்டர் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 33 வயது. ஊர் வலையங்குளம் பக்கம். அப்பா மல்லிகைத் தோட்டத்தை அடகு வைத்துத்தான் என்னைப் பைலட்டுக்குப் படிக்க வைத்தார். ஏர்பஸ் 320-இல் கோ-பைலட்டாக 2,300 மணி நேரம் பறந்திருக்கிறேன். ஐந்து மாதமாகக் கம்பெனி சம்பளமில்லா விடுப்பில் உட்கார வைத்திருக்கிறது. சார்ட்டர் கம்பெனிகளுக்கு, அதாவது விமானத்தை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு, எழுதிப் போட்டதில் ஒருவர் மட்டும் பேசினார். "ஏர்லைன்ஸ் திரும்பக் கூப்பிட்டால் போய்விடுவீர்களா?" என்று கேட்டார். "போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. என்ன செய்யட்டும்? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: தம்பி, அவரை நாளைக்கே கூப்பிடுங்கள். "அவசரத்தில் சொல்லிவிட்டேன், நான் இன்னும் முடிவு செய்யவில்லை" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். வந்த ஒரு வாய்ப்பும் போய்விடுமே என்று பதறும்தான். ஆனால் அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று பாருங்கள். உங்களிடம் இருப்பது ஏர்பஸ் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி. அவரிடம் இருப்பது பெரும்பாலும் கிங் ஏர், சைட்டேஷன் மாதிரி சிறிய விமானங்களாக இருக்கும். அதை நீங்கள் ஓட்ட வேண்டுமென்றால் புதிதாக டைப் ரேட்டிங் எடுக்க வேண்டும். வகுப்பு, சிமுலேட்டர், பறக்கும் தேர்வு, விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் ஒப்புதல் என்று லட்சக்கணக்கில் செலவாகும். நாளும் போகும். இரண்டு மூன்று விமானம் வைத்துத் தொழில் செய்கிறவரிடமிருந்து ஒரு பைலட் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினால் ஒரு விமானமே தரையில் நின்றுவிடும். அந்தப் பயத்தில்தான் கேட்டிருக்கிறார். பொய் சொல்லி உள்ளே போனால், ஆறு மாதத்தில் ஏர்லைன்ஸ் கூப்பிடும்போது பாண்டில், அதாவது 'பாதியில் விலகினால் பணம் கட்டுவேன்' என்று எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில், மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

ஆகவே முதலில் வீட்டில் பேசி முடிவெடுங்கள். திரும்பக் கூப்பிட்டால் போயே தீருவேன் என்றால், சார்ட்டரை விட்டுவிட்டு 320 பயிற்சி தரும் நிறுவனங்களில் வகுப்பெடுக்கும் வேலை கிடைக்குமா என்று தேடுங்கள். அங்கே உங்கள் ரேட்டிங்குக்கு மதிப்பு உண்டு. இல்லை, மாறத்தான் போகிறேன் என்றால் முழு மனதோடு மாறுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் பெருங்குடியில், மதுரை விமான நிலையத்தில், எப்போதாவது சின்ன ஜெட் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அங்கே குடியிருப்பதில்லை. பெரும்பாலான ஆபரேட்டர்கள் டெல்லியிலும் மும்பையிலும்தான் இருக்கிறார்கள். ஜாகையை மாற்றத் தயாராக இருங்கள்.

வேலையும் வேறு மாதிரி. ஏர்லைன்ஸில் பிளைட் பிளான் தயாராகக் கைக்கு வரும். இங்கே விடிகாலையில் எழுந்து வானிலை பார்ப்பது, வான் பாதுகாப்பு அனுமதி எண் வந்துவிட்டதா என்று விடாமல் கேட்பது, பெட்டிகளின் எடையைக் கணக்குப் போட்டு ஏற்றுவது, எரிபொருள் வண்டிக்குக் காத்திருப்பது என்று பலதும் உங்கள் தலையில் விழும். இதையெல்லாம் மட்டமான வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு பயணம் தொடக்கம் முதல் முடிவு வரை எப்படி நடக்கிறது என்பது இதில்தான் முழுசாகப் பிடிபடும்.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. சார்ட்டரில் பயணி உங்கள் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருப்பார். அரசியல் தலைவராக இருக்கலாம், பெரிய தொழிலதிபராக இருக்கலாம். கூட்டம் முடிய நேரமாகிவிட்டது. இறங்க வேண்டிய ஊரில் ரன்வே விளக்கு கிடையாது, பொழுது சாயப் போகிறது. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க கேப்டன்" என்பார்கள். ஏர்லைன்ஸில் இந்தக் குரல் காக்பிட் கதவைத் தாண்டி வராது. இங்கே வரும். அப்போது "முடியாது சார்" என்று சொல்கிற கேப்டனுக்குக் கம்பெனி துணை நிற்குமா என்பதுதான் சம்பளத்தைவிட முக்கியம். நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள்: "கடைசியாக எப்போது வானிலைக்காகப் பயணத்தை ரத்து செய்தீர்கள்?" அங்கே வேலை பார்த்து விலகியவர்கள் யாரையாவது தேடிப் பிடித்தும் இதையே கேளுங்கள். பதிலை மழுப்பினால் அந்த இடம் வேண்டாம், எவ்வளவு கஷ்டமிருந்தாலும்.

பாண்ட் கேட்பார்கள், அது நியாயம்தான். ஆனால் நீங்கள் வேலை செய்யும் ஒவ்வொரு மாதத்துக்கும் அந்தத் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள், அசல் சான்றிதழ்களையும் கொடுக்காதீர்கள். பணம் கட்டினால் வேலை வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜென்ட்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தோட்டம் ஏற்கெனவே அடகில் இருக்கிறது.

அப்புறம், விடுப்பில் இருந்தாலும் நீங்கள் இன்னும் பழைய கம்பெனியின் ஊழியர்தான். டிஜிசிஏ விதிப்படி கோ-பைலட்டுக்கு ஆறு மாதம், கமாண்டருக்கு ஒரு வருடம் நோட்டீஸ் காலம். கம்பெனி தடையில்லாச் சான்று கொடுத்தால் அது குறையும். சம்பளமே தராதவர்களிடம் அதைக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. விடுப்புக் கடிதத்தின் நகலோடு எழுத்தில் கேளுங்கள்.

நான்-ஷெட்யூல்ட் அனுமதி (சார்ட்டர் நடத்தும் அனுமதி) பெற்ற ஆபரேட்டர்களின் பட்டியலும், யாரிடம் எந்த விமானம் என்ற விவரமும் டிஜிசிஏ தளத்தில் இருக்கும். அதைப் பார்த்து, எச்.ஆர். முகவரிக்குப் பொதுவாக அனுப்பாமல், ஆபரேஷன்ஸ் தலைவருக்கு நேரடியாக எழுதுங்கள். 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் என்ற கணக்கு உங்களுக்கு எப்போதோ தவறியிருக்கும். அதைச் சிமுலேட்டரில் சரி செய்துகொள்ளலாம். மெடிக்கல் சான்றும், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் (வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளைப் பார்த்தே ஓட்டும் தகுதி) மட்டும் காலாவதியாகிவிடக் கூடாது. இரண்டின் தேதியையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.