கடைசல் நாற்காலி 1600களைச் சேர்ந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பக்கத்துப் பழைய கடைசல் நாற்காலி (சுழற்றிக் கடைந்த மரக் குச்சிகளால் ஆனது) ஒன்று விலைக்கு வருகிறது, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வகை. முதுகில் மட்டும் கடைசல் குச்சிகள் இருந்தால் கார்வர். கைப்பிடிக்கும் இருக்கைக்கும் கீழேயும் வரிசையாக இருந்தால் பிரூஸ்டர். மரம் பெரும்பாலும் ஆஷ் அல்லது மேப்பிள், இருக்கை கோரைப் பின்னல்.

அடுத்து, காலின் குறுக்களவை இரண்டு திசையில் அளந்து பாருங்கள். பச்சை மரத்தில் உருண்டையாகக் கடைந்த கால், காய்ந்து சுருங்கும்போது லேசாக நீள்வட்டமாகும். சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல இராது. ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள், புது நாற்காலியையும் பச்சை மரத்தில் செய்யலாம்.

தேய்மானம், கறை, புகை எல்லாமே செய்யக்கூடியவைதான். அர்மாண்ட் லாமொன்டேன் என்ற ரோட் ஐலண்ட் சிற்பி 1969இல் இப்படி ஒரு பிரூஸ்டர் நாற்காலியைச் செய்து ஊருக்குள் விட்டார். ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகமே 9,000 டாலர் கொடுத்து வாங்கியது! 1977இல் குட்டு உடைந்தது. எக்ஸ்ரேயில், துளைகள் நவீனத் துரப்பண அலகால் (டிரில் பிட்) போடப்பட்டவை என்று தெரிந்தது. அந்தக் காலத்துக் கரண்டி வடிவ அலகு போட்ட துளையின் அடி குழிவாக இருக்கும். அதனால் பெரிய தொகை என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

கால் நுனி அறுபட்டிருந்தாலோ கைப்பிடி மாற்றப்பட்டிருந்தாலோ விலையைத் தாராளமாகக் குறைத்துக் கேளுங்கள்.