குடத்தை வெட்டச் சொன்னவர் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில வருடங்களாகப் படம் எடுத்துவருகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய நிக்கான், ஒரே ஒரு 35 எம்எம் லென்ஸ். நண்பர்களிடம் காட்டினால் "செம" என்பார்கள், அதோடு சரி. சென்ற மாதம் ஒரு போட்டோகிராபி கிளப்புக்குப் போய், இத்துடன் அனுப்பியிருக்கும் படத்தைக் காட்டினேன். தூத்துக்குடி உப்பளத்தில் எடுத்தது. தலையில் உப்புக் கூடையோடு ஒரு அம்மா நடந்து வருகிறார், பின்னால் உப்புக் குவியல், இடது கீழ் மூலையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் குடம். அங்கிருந்த பெரியவர் ஒருவர், "குடம் கண்ணை இழுக்குது, கிராப் பண்ணிடுங்க. வெள்ளை செத்துப்போயிருக்கு. பத்துக்கு அஞ்சு" என்றார். வீட்டுக்கு வந்ததும் குடத்தை வெட்டிவிட்டேன். படம் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என்னவோ குறைகிறது. இரண்டு படத்தையும் அனுப்பியிருக்கிறேன். அவர் பேச்சைக் கேட்டது சரிதானா? அடுத்தவர் சொல்வதை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது?

எஸ்.,
கோவில்பட்டி

அன்புள்ள எஸ்,

அந்தப் பெரியவருக்கு நல்ல கண். மருந்துச் சீட்டைத்தான் கொஞ்சம் அவசரமாக எழுதிவிட்டார்.

அவர் சொன்னதைப் பிரித்துப் பாருங்கள். "குடம் கண்ணை இழுக்குது" என்பது படத்தில் உள்ள விஷயம். யார் வேண்டுமானாலும் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். எனக்கும் கண் முதலில் அங்கேதான் போனது. "கிராப் பண்ணிடுங்க" என்பது அவருடைய ருசி. "பத்துக்கு அஞ்சு" என்பதை வைத்துக்கொண்டு நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. ஏன் ஆறு இல்லை என்று கேட்டால் அவராலேயே சொல்ல முடியாது. சலூன் என்று சொல்லும் புகைப்படப் போட்டிகளில் ஒரு படம் திரையில் நிற்பதே சில நொடிகள்தான், அதற்குள் நம்பரை அழுத்தியாக வேண்டும். அந்தப் பழக்கம் நடுவர்களாக இருந்தவர்களின் நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. அதை விட்டுவிடுவோம்.

வெள்ளை செத்துப்போயிருக்கிறது என்றாரே, அது நூற்றுக்கு நூறு சரி. உங்கள் படத்தில் உப்பு சாம்பல் மாதிரி இருக்கிறது. காரணம் கேமராவின் மீட்டர். எதிரே என்ன இருந்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் அது பார்க்கும். ஃப்ரேம் முழுக்க உப்பு என்றால் "வெளிச்சம் ஜாஸ்தி" என்று நினைத்து எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, குறைத்துவிடும். பனி மலையிலும் இதே கதைதான். அதை நாமே கூட்டிக்கொள்ளும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைப் பிளஸ் ஒன்றோ ஒன்றரையோ ஏற்றி, ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் சேமித்த மூலப் பதிவு) இருந்தால் இப்போதே சரிசெய்துவிடலாம். உப்பு வெளுத்ததும் அந்த அம்மாவின் முகமும் இருட்டிலிருந்து வெளியே வரும் பாருங்கள்.

இனி குடம். அந்த அம்மாவின் சேலை வெளுத்துப்போனது, மேலே போட்டிருக்கும் ஆண் சட்டையும் அப்படியே. மண்ணும் உப்பும் வானமும் ஒரே நிறக் குடும்பம். இவற்றுக்கு நடுவே அடர்த்தியான நிறம் என்று இருப்பது அந்த நீலம் ஒன்றுதான். கண் அங்கே ஓடாமல் என்ன செய்யும்? அப்படி ஓடும் கண்ணுக்கு அங்கே ஏதாவது கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. கிடைக்கிறது என்றே நினைக்கிறேன். சுற்றிலும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஒரு வாய் குடிக்க முடியாது. குடிக்கிற தண்ணீரைத் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும். அந்த இடத்தின் வாழ்க்கை அந்தக் குடத்தில் இருக்கிறது. அதை வெட்டியதும் உப்பள அம்மா படங்களில் இன்னொன்று ஆகிவிட்டது உங்கள் படம். தூத்துக்குடிக்குப் போகிற எல்லாரிடமும் அது இருக்கிறது.

குடம் மூலையில் தற்செயலாக மாட்டியதுபோல் இருப்பதுதான் குறை. எடுக்கும்போது நீங்கள் அதைக் கவனிக்கவில்லை என்பது தெரிகிறது, பாதி அடிப்பாகம் ஃப்ரேமுக்கு வெளியே இருக்கிறதே. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து முட்டி போட்டிருந்தால் குடம் முன்னால் முழுசாக நின்றிருக்கும், 35 எம்எம்மில் அம்மாவும் உள்ளே இருந்திருப்பார். அல்லது அவர் குடத்தருகே வரும்வரை நின்றிருக்கலாம். பெரியவர் கண்டுபிடித்துக் கொடுத்தது அடுத்த படம் எடுக்க வேண்டிய இடத்தை. நீங்கள் அதைக் கழிக்க வேண்டிய குப்பை என்று எடுத்துக்கொண்டீர்கள்.

எப்படிக் கருத்துச் சொல்ல வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. நியூயார்க்கில் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய 291 என்ற சிறிய கேலரிக்கு 1907-ல் ஒரு பள்ளி மாணவர் வந்தார், பெயர் பால் ஸ்ட்ராண்ட். அழைத்து வந்த ஆசிரியர், குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்து உலகத்துக்குக் காட்டிய லூயிஸ் ஹைன். பின்னாளில் ஸ்ட்ராண்ட் தன் படங்களை எடுத்துக்கொண்டு அவ்வப்போது ஸ்டீக்லிட்ஸிடம் போவார். அந்தக் காலத்தில் ஓவியம்போல மங்கலாக எடுப்பதுதான் கலை. அதற்கென்றே சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸ்கள் விற்றன. ஸ்ட்ராண்டும் அதில்தான் எடுத்தார். ஸ்டீக்லிட்ஸ் பார்த்துவிட்டுச் சொன்னதன் சாரம் இது: இந்த லென்ஸில் புல்லும் தண்ணீரும் மரப்பட்டையும் எல்லாம் ஒரே பொருளால் செய்ததுபோல் இருக்கிறது, ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம் தொலைந்துபோகிறது. லென்ஸின் துளையை (அப்பர்ச்சரை) சுருக்கி எடுத்துப் பார் என்றார்.

நன்று, மோசம் என்ற பேச்சே இதில் இல்லை. எது தொலைந்தது, எதனால் தொலைந்தது, எங்கே கைவைத்தால் திரும்பக் கிடைக்கும் என்பது மட்டும் இருக்கிறது. அந்த வகை லென்ஸ்களின் மங்கல் பெரும்பாலும் ஓரங்கள் வழியாக வரும் ஒளியால் உண்டாவது, அப்பர்ச்சரைச் சுருக்கினால் அடங்கிவிடும். செலவில்லாத வைத்தியம். ஸ்ட்ராண்ட் அதைச் செய்தார், தெருவில் இறங்கினார். 1915-ல் அவர் கொண்டுவந்த புதிய படங்களைப் பார்த்த ஸ்டீக்லிட்ஸ் அடுத்த வருடமே கண்காட்சி வைத்தார். 1917-ல் தான் நடத்திய புகைப்பட இதழின் கடைசி வெளியீட்டை முழுக்க ஸ்ட்ராண்டின் படங்களுக்கே கொடுத்தார்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் ஆள் உண்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்த ராபர்ட் ஃபிராங்க் 1955-ல் கிடைத்த உதவித்தொகையில் அமெரிக்கா முழுக்கக் கார் ஓட்டிப் படமெடுத்தார். பல ஆயிரம் ஃப்ரேம்களிலிருந்து தேர்ந்த 83 படங்கள் 1958-ல் பாரிஸிலும் மறுவருடம் அமெரிக்காவிலும் புத்தகமாக வந்தன. அமெரிக்கப் புகைப்பட இதழ்க்காரர்கள் பாய்ந்து குதறினார்கள். மங்கல், கிரெயின் (புள்ளிப்புள்ளியான சொரசொரப்பு), சாய்ந்த தொடுவானம் என்று குறை. எல்லாம் படத்தில் இருந்தவைதான், ஒன்றும் பொய்யில்லை. அவையெல்லாம் தவறி வந்தவை என்று அவர்கள் நினைத்ததுதான் கோளாறு. இன்று கேமரா எடுத்துத் தெருவில் நடக்கிற பாதிப் பேரின் கை அந்தச் சாய்வைப் பழகியது அவரிடமிருந்துதான். (இதைச் சொன்னதும் சிலர் தங்கள் சாய்ந்த படங்களையெல்லாம் ஃபிராங்க் கணக்கில் எழுதிவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மட்டம் பார்க்க மறந்துபோன படத்துக்கு எந்தப் புத்தகமும் துணைக்கு வராது.)

ஆகவே யாரிடம் காட்டினாலும் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் "நல்லா இருக்கு" என்ற ஒரே பதில்தான் உண்டு, கல்யாணச் சாப்பாடு முதல் கவிதைத் தொகுப்பு வரை. படத்தைக் கையில் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். எடுத்த கதையைச் சொல்லாதீர்கள். வெயில், வழி தெரியாமல் அலைந்தது, வாட்ச்மேன் விரட்டியது எதுவும் ஃப்ரேமுக்குள் இல்லை. பிறகு "முதலில் கண் எங்கே போச்சு? அப்புறம் எங்கே?" என்று மட்டும் கேளுங்கள். படமெடுக்கத் தெரியாதவரும் இதற்கு உண்மையான பதில் சொல்வார். சொல்லும்போது குறுக்கே பேசி உங்கள் படத்துக்கு வக்கீல் ஆகாமல் இருப்பது கஷ்டம், ஆனால் அங்கேதான் பலன் இருக்கிறது.

தனியாக இருக்கும்போது செய்ய ஒன்று. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் படங்களைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பாராம். 1950-ல் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்தவர் அவர்தான். தலைகீழாகிவிட்டால் அம்மா, கூடை, குடம் என்பதெல்லாம் மறந்து வெறும் வடிவமும் பாரமும் கண்ணுக்குத் தெரியும். ஃபோனில் ரொட்டேஷனை லாக் செய்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள்.

உப்பளத்துக்காரர்களிடமும் காட்டுங்கள். லென்ஸ் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கூடை நிறைந்திருக்கிறதா, கழுத்து உண்மையில் பாரத்தைத் தாங்குகிறதா, நீங்கள் நிற்கச் சொன்னதற்காக நின்றாரா என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். எந்த நடுவரும் சொல்ல முடியாத கருத்து அது. பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த அம்மாவுக்கு ஒரு பிரதி நீங்கள் கொடுத்தாக வேண்டியதும்தான்.

எனக்கு அடுத்த முறை ஒற்றைப் படம் அனுப்ப வேண்டாம். அன்று காலை எடுத்த அத்தனை ஃப்ரேம்களையும், எடுத்த வரிசையிலேயே, சின்னச் சின்னதாக ஒரே ஷீட்டில் வைத்து அனுப்புங்கள். எங்கே நின்றீர்கள், எப்போது நகர்ந்தீர்கள், எந்த இடத்தில் சீக்கிரம் கிளம்பிவிட்டீர்கள் என்பது அதில்தான் தெரியும். ஜேபெக் போதும். ஃபோகஸ் தப்பியதையும் கண் மூடியதையும் அழிக்காமல் சேர்த்தே அனுப்புங்கள்.