கலிங்கத்தில் வெட்டப்படாத கல்வெட்டு

அன்புள்ள ஐயா,

இரண்டு மாதங்களுக்கு முன் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இப்போது என் கீழ் ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். சென்ற வாரம் ஓர் எழுத்தரை எல்லார் முன்னிலையிலும் கண்டபடி பேசிவிட்டேன். கோப்பு தாமதமானதற்கு அவர் காரணமில்லை என்று மறுநாள்தான் தெரிந்தது. மேலதிகாரியிடம் சொல்லி வருந்தினேன். வீட்டில் மனைவியிடம் புலம்பினேன். மனம் ஆறவில்லை. அதிகாரம் மனிதனைக் கெடுக்கிறதா, உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருகிறதா? கலிங்கப் போருக்குப் பின் அசோகர் திருந்தியதுபோல் பதவியில் இருந்துகொண்டே ஒருவர் மாற முடியுமா?

எம்.

அன்புள்ள எம்.,

பள்ளியில் நாம் படித்த அசோகர் சாலையோரம் மரம் நட்டவர். அதற்கு இரண்டு மதிப்பெண். கல்வெட்டுகளில் இருப்பவர் வேறு ஆள்.

ஒரே வரிசையான ஆணைகளைப் பல ஊர்ப் பாறைகளில் வெட்டவைத்தார். அவற்றில் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் அவரே கணக்குச் சொல்கிறார்: கலிங்கத்தில் 1,50,000 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், 1,00,000 பேர் கொல்லப்பட்டார்கள், அதைப்போலப் பல மடங்கினர் மாண்டார்கள். தனக்கு ஒன்றும் நேராதவனும், நண்பனுக்கும் உறவினனுக்கும் நேர்ந்ததால் துன்பப்படுகிறான் என்றும் சேர்த்துச் சொல்கிறார். வென்ற அரசன் ஒருவன் இதை யோசித்திருக்கிறான் என்பதே பெரிது. ஆனால் பிடித்துச் சென்றவர்களைத் திருப்பி அனுப்பியதாக ஒரு வரியும் இல்லை. போதாததற்கு, காட்டில் வாழும் மக்களுக்கு அதே கல்வெட்டில் ஓர் எச்சரிக்கை: நான் வருந்துகிறேன், ஆனால் என்னிடம் வலிமை இருக்கிறது, கொல்லப்படாமல் இருக்க வேண்டுமானால் திருந்துங்கள்.

இந்தக் கல்வெட்டு குஜராத்தின் கிர்னாரில் இருக்கிறது, ஆந்திரத்தின் எர்ரகுடியில் இருக்கிறது. கலிங்கத்திலேயே, அதாவது இன்றைய ஒடிசாவில், உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் இல்லை. அங்கே பதினொன்று முதல் பதின்மூன்று வரை விட்டுவிட்டு, வேறு இரண்டு ஆணைகளை வெட்டியிருக்கிறார்கள். அடிபட்டவர்கள் கண்ணில் மட்டும் அந்த மன்னிப்புப் படவில்லை.

இளமையில் இதை வெறும் பாசாங்கு என்று எண்ணினேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். ஆறாத புண்ணைக் கிளற வேண்டாம் என்ற ஆட்சிக் கணக்கும் இருந்திருக்கும், கூச்சமும் இருந்திருக்கும். தூரத்தில் இருப்பவனிடம் குற்றத்தை ஒப்புக்கொள்வது எப்போதும் எளிது.

ஆனால் தௌலியில் அவர் வெட்டியதுதான் உங்களுக்கு வேண்டியது. கலிங்கத்துத் தோசலி நகரத்து அதிகாரிகளுக்கு எழுதுகிறார். எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்று தொடங்கி, காரணமில்லாமல் ஒருவன் சிறைப்படுவதைப் பற்றிப் பேசுகிறார். நீதி தவறுவதற்கு ஏழு காரணங்களை அடுக்குகிறார்: பொறாமை, சினம், கொடுமை, அவசரம், பழக்கமின்மை, சோம்பல், சோர்வு. பூச நட்சத்திரத்தன்று இதைப் படித்துக் காட்ட வேண்டும், இடையிலும் படிக்கலாம், கேட்பவன் ஒருவனே ஆனாலும் சரி என்கிறார்.

முதல் மூன்றை எந்தப் புலவரும் பாடிவிடுவார். சோர்வைச் சேர்க்க, நாள் முழுக்க மனுக்களைக் கேட்டு அலுத்த ஒருவரால்தான் முடியும். (மாலை ஐந்து மணிக்கு மேல் நீட்டப்படும் கோப்புக்கு எந்த அலுவலகத்திலும் நல்ல கதி கிடைத்து நான் பார்த்ததில்லை.) சாதாரண ஆள் சோர்ந்தால் திண்ணையில் சாய்கிறான். அதிகாரி சோர்ந்தால் எதிரில் நிற்பவன் திட்டு வாங்குகிறான். "ஐயா களைத்திருக்கிறீர்கள்" என்று சொல்ல அங்கே யாருக்கும் துணிவில்லை. அதிகாரம் கெடுக்கிறதா, வெளிக்காட்டுகிறதா என்று கேட்டீர்கள். இரண்டையும்விட, தடுத்துச் சொல்லும் ஆளை அது இல்லாமல் செய்துவிடுகிறது என்றே நினைக்கிறேன். அசோகருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்கிறார்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மேலதிகாரியிடம் வருந்தியிருக்கிறீர்கள், மனைவியிடம் புலம்பியிருக்கிறீர்கள், இப்போது எனக்கும் எழுதிவிட்டீர்கள். அந்த எழுத்தரிடம் என்ன சொன்னீர்கள் என்பது கடிதத்தில் இல்லையே?