சுரங்கக் கழிவும் செத்த மண்ணும்: கேள்வி பதில்

கே: தாது என்பது மண்ணிலிருந்து எடுத்த கல்தானே. அரைத்து அங்கேயே கொட்டினால் என்ன கெட்டுவிடும்?

ப: பூமிக்கடியில் கிடந்தவரை அதில் காற்று படவில்லை. செம்பு, நிக்கல், துத்தநாகத் தாதுக்களோடு பெரும்பாலும் பைரைட் என்ற இரும்பு சல்பைடும் வரும். அரைத்த தூளில் காற்றும் மழையும் பட்டால் அது கந்தக அமிலத்தை உண்டாக்கும். சில பாக்டீரியாக்கள் அந்த வேலையை இன்னும் வேகப்படுத்தும். அமிலம் உலோகங்களைக் கரைத்து ஓடைக்குக் கொண்டுபோகும். சுரங்கத்தை மூடித் தலைமுறைகள் கடந்தாலும் இது நிற்காது.

கே: கழிவைத்தான் அணை கட்டித் தேக்குகிறார்களே சார்?

ப: எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பாருங்கள். பழைய கழிவின் மேலேயே கரையை உயர்த்திக்கொண்டு போவது மலிவு, ஆபத்தும் அதிகம். பிரேசிலின் புருமடின்யோவில் 2019 ஜனவரியில் உடைந்தது அப்படிப்பட்ட அணைதான். 270 பேர் இறந்தார்கள். அந்த அணையில் கழிவு விடுவதை 2016இலேயே நிறுத்தியிருந்தார்கள்.

கே: மொட்டைப் பாறையான இடம் திரும்பப் பச்சையானதுண்டா?

ப: உண்டு, கனடாவின் சட்பரி. நிக்கல், செம்புத் தாதுவைத் திறந்தவெளியில் விறகு அடுக்கி வறுத்தார்கள். அப்புறம் உருக்காலைகள் வந்தன. கந்தக டைஆக்சைடு புகையில் காடு அழிந்து, மண் அரித்துப்போய், பாறையே கறுத்தது. 1972இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி எழுப்பினார்கள். உள்ளூர்க் காற்று தேறியது, புகை தொலைவில் போய் இறங்கியது. அதை நான் தீர்வாகவே எண்ணமாட்டேன். ஆலைகள் வெளிவிடும் கந்தகத்தைக் குறைத்ததுதான் மண்ணுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது.

1978இல் நிலத்தை மீட்கும் பணி தொடங்கியது. எடுத்த எடுப்பில் மரம் நடவில்லை. மாணவர்கள் சுண்ணாம்புக்கல் பொடியைக் கையால் தூவினார்கள். பிறகு உரம், புல் விதை, பயறுவகை விதை. அதன் பிறகே கன்றுகள். அமில மண்ணில் செம்பும் நிக்கலும் அலுமினியமும் கரைந்து வேரைக் கருக்கும். சுண்ணாம்பால் அமிலம் தணிந்தால் அவை பெரும்பாலும் கரையாமல் அடங்கிக் கிடக்கும். கவனியுங்கள், உலோகம் எங்கேயும் போய்விடவில்லை. நட்ட கன்றுகள் இப்போது ஒரு கோடியைத் தாண்டிவிட்டன.

கே: உலோகத்தை உறிஞ்சும் செடிகள் இருக்கின்றனவாமே?

ப: பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் ஒரு மரத்தைக் கீறினால் நீலப்பச்சையாகப் பால் வடியும். அந்த நிறமே நிக்கலால் வருவது! ஆனால் கடுமையாகக் கெட்ட நிலத்துக்கு இந்த வழி ரொம்ப மெதுவு. அறுத்த செடியை என்ன செய்வது என்பது இன்னொரு தலைவலி.

கே: சரி, எல்லா இடத்திலும் சுண்ணாம்பு போடலாமா?

ப: கூடாது. அலுமினியத் தாதுவான பாக்சைட்டிலிருந்து அலுமினா (அலுமினிய ஆக்சைடு) எடுத்தபின் மிஞ்சும் சிவப்புச் சேறு அமிலத்துக்கு நேர் எதிரான கடும் காரம். அதற்கு ஜிப்சம் போடுவார்கள். ஹங்கேரியின் ஐகாவில் 2010இல் அந்தச் சேறு உடைத்துக்கொண்டு ஓடியபோது ஆற்றில் ஜிப்சம்தான் கொட்டினார்கள். மண்ணில் ஆர்செனிக் என்ற நச்சு இருந்தால் சுண்ணாம்பு அதைக் கரையவிடவும் கூடும். அதனால் முதல் செலவு மண் பரிசோதனைக்கு.