எல்லாருக்கும் செய்கிறேன், எனக்கு ஏன் நிறைவில்லை?

கேள்வி: எனக்கு 56 வயது. எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியச் சங்கச் செயலாளர், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, பாடகர் குழு, சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையின் சமையல் மேற்பார்வை என்று எல்லாவற்றிலும் நான்தான். காய்ச்சலோடு போய்க்கூட வகுப்பு எடுத்திருக்கிறேன். யாரிடமும் ஒரு உதவி கேட்டதில்லை. பிறருக்காக உழைத்தால் கிறிஸ்துவுக்குள் நிறைவு கிடைக்கும் என்கிறார்கள். எனக்கோ ராத்திரி படுத்தால் வெறுமைதான். இந்த வருஷ அசனத்தில் நன்றி சொன்னபோது என் பெயரை விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். இப்படி நினைப்பதே பாவமா?
- ஒரு சகோதரி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பாவம் இல்லை. குணமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்தபோது, "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று ஆண்டவரே கேட்டார். அது தேவனுடைய மகிமைக்காகக் கேட்டது என்பீர்கள். சரிதான். ஆனாலும் நன்றி மறந்தது அவர் கண்ணுக்குத் தப்பவில்லையே. பெயர் விட்டுப்போனது வருத்தமாக இருந்தது என்று கமிட்டியாரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். மனசில் வைத்துப் புழுங்குவதைவிட அது நல்லது.

என்னை யோசிக்க வைத்தது வேறு. உங்கள் கடிதத்தில் பொறுப்புகள் இருக்கின்றன, ஆட்கள் இல்லை. ஒரு பிள்ளையின் முகமோ, ஒரு பாட்டியின் பேச்சோ எங்கேயும் வரவில்லை. மத்தேயு 25-ஐ எடுத்துப் பாருங்கள். "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்று ராஜா சொல்கிறார். பசித்தவன், தாகமுள்ளவன், காவலில் இருந்தவன் என்று அங்கே வருகிறவர்கள் எல்லாருமே பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரிகிற மனுஷர்கள். நீங்களோ கூட்டக் குறிப்பு, பாத்திர வாடகை, ஒத்திகை நேரம் என்று ஓடுகிறீர்கள். அதுவும் தேவையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் களைப்பு வருகிற அளவுக்கு நிறைவு வராது.

இன்னொன்று, யாரிடமும் உதவி கேட்டதில்லை என்பதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவ வந்தபோது, "நீர் ஒருபோதும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுருவும் இப்படித்தான் வீம்பு பிடித்தார். இயேசு விடவில்லை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1954-ல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கே, புரண்டு படுக்கக்கூட இன்னொருவர் கை வேண்டியிருந்தது. அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்தவர் டாக்டர் பால் பிராண்ட். உட்கார்ந்தபடியே கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யலாமே என்று மேரிக்கு வழிகாட்டியவரும் அவர்தான். மேரியும் சக்கர நாற்காலியில் இருந்தபடி அதைச் செய்தார். அப்புறம் வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறந்ததற்குப் பின்னால் இருந்தது அவர் உழைப்பு. அவரால் செய்ய முடியாமல் போனவை எத்தனையோ இருந்திருக்கும். முடிந்ததைப் பிடித்துக்கொண்டார், பிறர் தனக்குச் செய்வதையும் ஏற்றுக்கொண்டார். உங்களுக்கு இந்த இரண்டுமே இப்போது வேண்டும்.

அதனால், செயலாளர் பதவியையும் அசன மேற்பார்வையையும் வேறு யாரிடமாவது கொடுங்கள். ஓய்வுநாள் பள்ளியை விடாதீர்கள். அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடகர் குழு உங்கள் இஷ்டம். மிச்சமாகும் நேரத்தில், உங்கள் தெருவில் படுக்கையாய்க் கிடக்கும் ஒரு பாட்டி வீட்டுக்கு வாரம் ஒருமுறை போங்கள். சங்கத்தோடு போய், ஒரு பாட்டுப் பாடி, ஜெபித்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் எழுந்து வருவது வேண்டாம். தனியாகப் போங்கள். நகம் வெட்டிவிடுங்கள், எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிடுங்கள். போன வாரம் சொன்ன கதையையே திரும்பச் சொல்வார், கேளுங்கள். அவர் காப்பி குடித்துவிட்டுப் போ என்றால், வேண்டாம் என்று சொல்லாமல் குடியுங்கள். உடனே நிறைவு பொங்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். முதல் சில வாரம் சலிப்பாகக்கூட இருக்கும்.

நான் விட்டால் அசனம் என்ன ஆகும் என்று பயம் வரும். ஒரு வருஷம் குழம்பில் உப்பு கூடிப்போகும், அவ்வளவுதான். சபை சாப்பிட்டுவிடும்.