கிரெடிட்டாக விட்டுவைத்தேன், இன்றுவரை தம்பியிடம் பேச்சு வாங்குகிறேன்

கேள்வி: கொரோனா சமயத்தில் குடும்பத்தோடு போக வேண்டிய கப்பல் சுற்றுலா ரத்தானவர்கள், மறுபடி கப்பல் ஓடும் வரை எப்படிக் காத்திருந்தீர்கள்? பணத்தைத் திரும்ப வாங்கினீர்களா, அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டாக விட்டுவைத்தீர்களா?

விட்டுவைத்தோம். 'தோம்' என்று எழுதியதைத் தம்பி பார்த்தால் சண்டைக்கு வருவான். விட்டுவைத்தவன் நான். மற்ற எட்டுப் பேருக்கும் அதில் பங்கில்லை.

நாங்கள் பினாங்குக்காரர்கள், வீடு குளுகோரில். பாட்டிக்கு 80 வயது நிறைவதை ஒட்டி, 2020 ஜூன் பள்ளி விடுமுறைக்கு சிங்கப்பூரிலிருந்து புறப்படும் நான்கு இரவுக் கப்பல் ஒன்றில் இடம் போட்டோம். பாட்டி, அப்பா, அம்மா, நான், மனைவி, எட்டு வயது மகள், மூன்று வயது மகன், தம்பி, அவன் மனைவி என்று ஒன்பது பேர். தலைக்கு 1,600 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பூக்கெட் போய்விட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

எதற்குக் கப்பல், விமானத்தில் எங்காவது போயிருக்கலாமே என்று கேட்கலாம். காரணம் பாட்டிதான். அவருடைய அப்பா 1930-களில் நாகப்பட்டினத்தில் ரஜுலா ஏறி, டெக்கில் பாய் விரித்துப் படுத்து இங்கே வந்தவர். ஊரில் பழைய ஆட்களைக் கேட்டால் ரஜுலா கதை சொல்லாதவர் இருக்க மாட்டார்கள், 1970-களின் ஆரம்பம் வரை ஓடிய கப்பல் அது. வந்தவரை நேரே பினாங்கில் இறக்கவில்லை. ஜெரஜாக் தீவில் நாட்கணக்கில் வைத்து, துணிமணியெல்லாம் ஆவியில் வேகவைத்துக் கொடுத்த பிறகுதான் விட்டார்களாம். இந்தியாவிலிருந்து வந்த கூலி ஆட்களை நோய்க்குப் பயந்து நிறுத்திவைத்த தீவு அது. குவின்ஸ்பே பக்கம் கடலோரத்தில் நின்றால் இன்றைக்கும் கண்ணுக்கு எதிரே தெரியும். இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த பாட்டி, பட்டர்வொர்த் ஃபெர்ரியைத் தவிர வேறு எதிலும் ஏறியதில்லை. "ஒரு தடவை கப்பல்ல படுத்துத் தூங்கணும்டா" என்பார்.

2020 பிப்ரவரியில் தொலைக்காட்சியில் யோகோஹாமாவில் நின்ற டைமண்ட் பிரின்சஸைக் காட்டினார்கள். 3,700 பேர் இருந்த கப்பலில் 700-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. பாட்டி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம ஜெரஜாக் மாதிரியே வெச்சிருக்கான் பாரு" என்றார். அதே மாதத்தில்தான் பல நாடுகள் திருப்பி அனுப்பிய வெஸ்டர்டாம் கம்போடியாவில் ஒதுங்கி, அதிலிருந்து விமானத்தில் கோலாலம்பூர் வந்த 83 வயது அமெரிக்கப் பெண்ணுக்குத் தொற்று என்று செய்தி வந்தது. பிறகு அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அவருக்குத் தொற்று இல்லை என்றது. மார்ச் முதல் வாரத்தில் கோஸ்டா ஃபோர்ச்சுனாவை பூக்கெட்டும் விடவில்லை, பினாங்கும் விடவில்லை. கடைசியில் 10-ஆம் தேதி சிங்கப்பூரில் போய் நின்றது. நாங்கள் போக இருந்த அதே பாதை! மார்ச் 18-இல் இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஏப்ரலில் எங்கள் பயணம் ரத்து என்று மின்னஞ்சல் வந்தது.

அதில் இரண்டு பெட்டி. கட்டிய பணம் முழுவதும் திரும்ப வேண்டுமா, அல்லது 125 விழுக்காடு கிரெடிட் வேண்டுமா? அந்த நேரத்தில் பல கப்பல் நிறுவனங்கள் இப்படித்தான் 125 கொடுத்தன. கையில் ரொக்கம் தங்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அப்போது அது தெரியவில்லை. 1,600 கட்டினால் 2,000, ஒன்பது பேருக்கு 18,000 வெள்ளி என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. ஆறு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். ஒரு பதிவுக்கு ஒரு தேர்வுதான், ஆளுக்கொன்று முடியாது என்றார் ஏஜென்ட். யாரையும் கேட்காமல் கிரெடிட் பெட்டியில் டிக் அடித்தேன்.

இங்கேதான் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். பினாங்கின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் வந்தால், மணிக்கூண்டுப் பக்கம் வண்டியை நிறுத்தி, இறங்குகிற வெள்ளைக்காரர்களைக் கொடிமலை, கெக் லோக் சி, பாம்புக் கோயில் என்று சுற்றிக் காட்டி, மாலை ஐந்துக்குள் கப்பலில் கொண்டுவந்து சேர்ப்பான். எங்களுக்குக் கப்பல் ஓடாவிட்டால் விடுமுறை போச்சு, அவ்வளவுதான். அவனுக்கு அடுப்பே எரியாது. மே மாதம் வேனுக்குத் தவணை கட்டவே திண்டாடிக்கொண்டிருந்தவன், "அண்ணே, என் ரெண்டு டிக்கெட் காசு எப்ப வரும்?" என்று போனில் கேட்டபோதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

ஏஜென்டை அழைத்தேன். தேர்வை மாற்ற முடியாது என்றார்கள். ஒரு மாதம் கழித்து அந்த எண்ணே ஓய்ந்துவிட்டது. பயணக் காப்புறுதியில் தொற்றுநோய்க்கு விலக்கு என்று பொடி எழுத்தில் ஒரு வரி. சரி, அதை விடுங்கள். அப்போது இபிஎஃப் என்கிற ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து மாதம் 500 வெள்ளி வரை எடுக்க ஐ-லெஸ்தாரி திட்டம் வந்திருந்தது. அதில் எடுத்து ஆறு மாதம் 500, ஏழாவது மாதம் 200 என்று தம்பிக்கு 3,200 வெள்ளி கொடுத்தேன். வட்டி கேட்கவில்லை என்பதைக் குடும்ப விருந்துகளில் இன்றும் நினைவூட்டுவான்.

அந்த வருடம் நவம்பரில் சிங்கப்பூரில் கப்பல் ஓட ஆரம்பித்தது. எங்கேயும் நிற்காமல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணம். சிங்கப்பூரில் இருப்பவர்கள் மட்டுமே ஏறலாம், பாதிப் பேரைத்தான் ஏற்றுவார்கள், ஏறும் முன் சோதனை. சிங்கப்பூர் யீஷூனில் இருக்கும் மனைவியின் அக்கா போய்விட்டு வீடியோ அனுப்பினார். ஆளில்லாத நீச்சல் குளம். பஃபேயில் கையை நீட்டினால் போதும், ஊழியரே அள்ளி வைத்தார். என் மகள் அதை நாலு தடவை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "பெரியம்மா போறாங்க, கப்பல் ஓடுதுல்ல, நாம ஏன் போகல?" என்று கேட்டாள். அவர் போவதற்கு முன்பே, டிசம்பரில், குவாண்டம் ஆஃப் த சீஸில் ஒரு முதியவருக்குத் தொற்று என்று கப்பலைப் பாதியில் திருப்பி, எல்லாரையும் அறைக்குள்ளேயே மணிக்கணக்கில் இருக்கச் சொன்னதும் நடந்தது. மறு சோதனையில் அவருக்கு ஒன்றுமில்லை.

மகள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. மூன்று தலைமுறை சேர்ந்து போகிற பயணத்தில் கப்பல் எப்போது புறப்படும் என்று பார்ப்பதில் பயனே இல்லை. வீட்டில் யாருக்குக் கடைசியாகக் கதவு திறக்கிறதோ அவர் தேதிதான் மற்றவர்களுக்கும் தேதி. தனி ஆளாக இருந்தால் எல்லை திறந்த மறுநாளே போயிருப்பேன். எங்கள் வீட்டிலோ ஒரு பக்கம் திறந்தால் இன்னொரு பக்கம் மூடிக்கொண்டது. 2021 அக்டோபரில் இரண்டு ஊசி போட்ட பெரியவர்கள் மாநிலம் தாண்டலாம் என்றார்கள். பிள்ளைகளுக்கு அப்போது ஊசியே கிடையாது. ஐந்திலிருந்து பதினொரு வயதுக்காரர்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் ஆரம்பித்தார்கள். மகனுக்கு நல்லவேளையாக ஐந்து முடிந்திருந்தது. அதற்குள் பாட்டிக்குச் சிக்கல். 60 வயதைத் தாண்டியவர்கள் பூஸ்டர் போடாவிட்டால், முழுமையாக ஊசி போட்டவர் என்ற நிலை மைசெஜாத்ரா என்ற கைப்பேசிச் செயலியில் போய்விடும் என்று அறிவித்தார்கள். பாட்டிக்குக் காய்ச்சல் வந்து ஊசி தள்ளிப்போனது. "ரெண்டு ஊசி போட்டேனே, அது எங்க போச்சு?" என்று என் கைப்பேசியைப் பிடுங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தார்.

இடையில் கிரெடிட்டின் காலக்கெடுவை 2021 முடிவிலிருந்து 2022 முடிவுக்குத் தள்ளினார்கள். நல்ல சேதி போலத்தான் இருந்தது. ஆனால் 2022 ஜனவரியில் கெந்திங் ஹாங்காங் என்ற பெரிய கப்பல் நிறுவனம் கடனில் விழுந்து நிறுவனத்தையே கலைக்க மனுப் போட்டது என்ற செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. நாங்கள் பதிவு செய்தது வேறு நிறுவனத்தில்தான். ஆனாலும் 1993-இலிருந்து ஸ்டார் குரூஸ் என்ற பெயரில் இந்தப் பக்கத்துக் கடலையே ஆண்டவர்களுக்கு இந்த நிலை. அவர்களுடைய சூப்பர்ஸ்டார் லிப்ரா கப்பல் பினாங்கில் நின்ற நாட்களில் தம்பி அதைப் பார்த்து மணி சொல்வான். அப்பேர்ப்பட்டவர்களே சாய்ந்தால், என் மின்னஞ்சலில் இருக்கும் 18,000 எந்த மூலைக்கு? கப்பல் நிறுவனம் படுத்துவிட்டால் கிரெடிட் வைத்திருப்பவன் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் பின்னால் நிற்பவன். நான் அவர்களுக்கு அடமானமில்லாமல், வட்டியில்லாமல், திருப்பிக் கேட்க வழியில்லாமல் கடன் கொடுத்திருக்கிறேன் என்பது அன்று இரவு இரண்டு மணிக்குத்தான் புரிந்தது.

2022 ஏப்ரல் 1-இல் மலேசிய எல்லை திறந்தது. ஜூனில் அவர்களுடைய கெந்திங் டிரீம் கப்பல் புதிய நிறுவனத்தின் பெயரில் சிங்கப்பூரிலிருந்து ஓட ஆரம்பித்தது. அந்த வருட நடுவிலேயே பினாங்குக்குப் பெரிய கப்பல்கள் திரும்ப வந்துவிட்டன. கப்பலே இல்லாத காலத்தில் ஸ்வெட்டன்ஹாம் துறையை 400 மீட்டரிலிருந்து 688 மீட்டருக்கு நீட்டி முடித்திருந்தார்கள். முதல் கப்பல் வந்த அன்று தம்பி விடிகாலையிலேயே வண்டியைக் கழுவி, சாமி படத்துக்கு மல்லிகை போட்டு, பசியாறக்கூட நேரமில்லாமல் ஓடினான்.

டிசம்பருக்கு இடம் போட உட்கார்ந்தபோதுதான் கிரெடிட்டின் உண்மையான எடை தெரிந்தது. 1,600-க்கு வாங்கிய அதே வகை அறை இப்போது 2,350. என் 2,000 அதில் கரைந்து, மேற்கொண்டு தலைக்கு 350 கட்ட வேண்டியிருந்தது. துறைமுக வரியும் கப்பல் ஊழியர் டிப்ஸும் கிரெடிட்டில் சேராது. அவை தனி. ஒருவர் பெயரில் இருப்பதை மற்றவருக்கு மாற்றவும் முடியாது. தம்பியால் வர முடியவில்லை. டிசம்பர்தானே, துறையில் வாரத்துக்கு எத்தனையோ கப்பல், இரண்டு வருடப் பட்டினிக்குப் பிறகு வண்டியை விட்டுவிட்டு யார் விடுமுறைக்குப் போவார்கள்? அவன் பெயரிலும் அவன் மனைவி பெயரிலும் இருந்த 4,000 வெள்ளி கிரெடிட் டிசம்பர் 31 நள்ளிரவோடு காலாவதி ஆனது. அதற்கான 3,200-ஐ நான் ஏற்கனவே என் சேமநிதியிலிருந்து கொடுத்துவிட்டேன் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அதனால் கேட்டவருக்கு என் பதில்: பணமாகவே வாங்குங்கள். 125 என்றாலும், 150 என்றாலும். ஒரே ஒரு விதிவிலக்கு, நீங்கள் தனி ஆள், போன வருடமே போய்வந்தவர், இன்னும் இரண்டு வருடம் தள்ளினாலும் கவலையில்லை என்றால் விட்டுவையுங்கள். வீட்டில் ஐந்து வயதும் எண்பது வயதும் இருந்தால் வேண்டாம். ஏஜென்ட் வழியாகப் பதிவு செய்வதாக இருந்தால், குடும்பம் ஒன்றாக இருந்தாலும் பதிவைத் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். யாருக்கு எப்போது கையில் காசு வேண்டியிருக்கும் என்பது பயணம் போடும்போது தெரியாது.

எங்கள் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். புதிய பயணத்தில் பூக்கெட் இல்லை. சிங்கப்பூரில் ஏறினால் கப்பல் வந்து நிற்கும் ஊர் பினாங்கு! ஏழு பேர் பேருந்து பிடித்து சிங்கப்பூர் போய், கப்பலில் ஏறி, எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் இருக்கும் துறைக்கே வந்து சேர்ந்தோம். பினாங்குப் பாலத்துக்கு அடியில் அந்த உயரத்துக் கப்பல் நுழையாது, வடக்குப் பக்க வாய் வழியாகத்தான் வரும். அதனால் விடிகாலையிலேயே எழுந்து பால்கனியில் சால்வையோடு உட்கார்ந்திருந்த பாட்டிக்கு, அவர் தேடிய ஜெரஜாக் தெரியவே இல்லை. "அப்ப எங்கப்பா வந்த வழி இது இல்ல போல" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னார்.

கீழே இறங்கினால், வெளியே வாடகை வண்டிக்காரர்களுக்கு நடுவில் தம்பி ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதில் பாட்டியின் பெயரைக் கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். கெக் லோக் சி போகலாமா, கொடிமலை போகலாமா என்று வாடிக்கையாளரிடம் கேட்கிற மாதிரியே கேட்டான். பாட்டிக்கு முட்டி வலி. வீட்டுக்குப் போகலாம் என்றார். போனோம். அம்மா அவசரமாக ரசமும் அப்பளமும் செய்தார். சாப்பிட்டுவிட்டு பாட்டி தன் கட்டிலில் இரண்டு மணிநேரம் தூங்கினார். நாலரைக்குத் தம்பிதான் எழுப்பினான், "பாட்டி, எழுந்திரிங்க, அஞ்சு மணிக்குள்ள கப்பல்ல விடணும், லேட்டானா எனக்குத்தான் கெட்ட பேரு" என்று.