அக்காவுக்குப் பிறகு யார்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். பன்னிரண்டு கிராமங்களில் மாலைநேரப் படிப்பு மையங்கள் நடத்துகிறோம். இதைத் தொடங்கிய அக்காவுக்கு இப்போது 67 வயது. செங்கல் சூளைகளிலிருந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பள்ளிக்குக் கூட்டி வந்தவர். நானும் அப்படி வந்தவன்தான்.

போன மாதம் ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) ஆட்கள் வந்தார்கள். எல்லாம் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பிறகு யார் மேடம்?" என்று கேட்டார்கள். அக்கா எங்களைக் காட்டி, "இவங்க எல்லாரும்தான்" என்றார். ஆனால் செக்கில் கையெழுத்து அவர் ஒருவர்தான். எந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியாது. தலைமைப் பண்புப் பயிற்சிக்கு என்னை மூன்று முறை அனுப்பியிருக்கிறார். திரும்பி வந்தால் ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கவும் அவரைக் கேட்க வேண்டும். நல்ல பையன்கள் இரண்டு வருடத்தில் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அக்காவை மீறிப் பேச மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

ச. (பெயர் வேண்டாம்)

அன்புள்ள ச.,

சாக்பீஸ் பற்றிய அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு நேரமானது. மூன்று பயிற்சிகளும் உங்களுக்குக் கொடுக்காததை ஒரு பெட்டி சாக்பீஸ் கொடுத்திருக்கும். எவ்வளவு வாங்குவது, எந்தக் கடையில், பணம் போதாவிட்டால் எதைக் குறைப்பது என்று நீங்களே முடிவு செய்து, அதற்கு நீங்களே பதில் சொல்லியிருந்தால் இந்த பதினோரு வருடத்தில் வேறு ஆளாகியிருப்பீர்கள்.

நான் ஒரு சிறிய அறக்கட்டளையில் ஆறு வருடம் செயலாளராக இருந்தேன். தொடங்கியவர் ஒரு நாள் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். வங்கியில் பணம் இருந்தது, எடுக்க ஆள் இல்லை. இனி யார் கையெழுத்துப் போடலாம் என்ற தீர்மானத்தின் நகல் கொண்டு வாருங்கள் என்றார்கள். தீர்மானப் புத்தகத்தைத் திறந்தால் கடைசியாக எழுதி நான்கு வருடம் ஆகியிருந்தது. அறங்காவலர்களில் ஒருவர் இறந்தே போயிருந்தார், அதைக்கூட நாங்கள் பதிவு செய்யவில்லை. பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்ட அம்மாவுக்கு மூன்று மாதம் சம்பளம் கொடுக்க முடியவில்லை. அவர் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. அந்தப் புத்தகத்தை எழுதியிருக்க வேண்டியவன் நான். இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே எழுதுகிறேன். அக்கா நன்றாக நடமாடும்போதே இதைச் செய்ய வேண்டும்.

உங்கள் மையத்துக்கு வரும் பிள்ளைகளின் தாய்மார்களில் பலர் மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பார்கள். அந்தக் குழு நடக்கும் விதத்தை ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். 1989இல் தர்மபுரியில் தொடங்கிய ஏற்பாடு அது. பதினைந்து இருபது பெண்கள், அவர்களில் பலர் பள்ளியையே பார்க்காதவர்கள். வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம் எல்லாம் உண்டு. வங்கிக் கணக்கைக் குழுவின் தலைவியான ஊக்குநர் ஒருவர் மட்டும் இயக்க முடியாது, குழுவின் பிரதிநிதியும் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பணம் எண்ணப்படுகிறது. நன்றாக நடக்கும் குழுக்களில் பொறுப்பு ஆள் மாறி ஆளுக்குப் போகிறது. நம் தொண்டு நிறுவனங்கள் ஊர் ஊராகப் போய் அவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தன. தங்கள் ஆபீசில் செய்யவில்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையையும் நினைத்துக்கொள்கிறேன். 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கியபோது டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றிருந்தார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்தக் கைகளால் அவர் செய்த அறுவை சிகிச்சைகளை எல்லோரும் பேசுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, பார்வை சோதிப்பது, நோயாளியைத் தயார் செய்வது, அறுவை அரங்கில் உதவுவது என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தது. எது டாக்டர் மட்டுமே செய்யக்கூடியது என்று பார்த்து, மற்றதையெல்லாம் கைமாற்றினார்கள். 2006இல் அவர் மறைந்த பிறகும் மருத்துவமனை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அது பெரிய நிறுவனம், தங்கை, மைத்துனர் என்று ஒரு குடும்பமே சேர்ந்து நின்றது. உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆனாலும் அந்த ஒரு கேள்வியை உங்கள் ஆபீசில் கேட்கலாம்: அக்கா மட்டுமே செய்யக்கூடியது எது? சாக்பீஸ் அதில் வராது.

பையன்கள் போவதைப் பற்றி. அவர்களைக் குறை சொல்லாதீர்கள், கல்யாணம் ஆகும், வாடகை ஏறும். சம்பளத்துக்குப் பணம் எங்கே என்று அக்கா கேட்பார், அவர் கேட்பது நியாயம். நோட்டுப் புத்தகத்துக்குப் பணம் கொடுப்பவர்கள் கணக்கு எழுதுபவருக்குக் கொடுப்பதில்லை. 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கு எடுக்கக்கூடிய உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைத்தார்கள். ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது என்றும் ஆக்கிவிட்டார்கள். பெரிய நிறுவனங்கள் மூலமாகப் பணம் பெற்று வந்த சின்ன நிறுவனங்களுக்குப் பலத்த அடி அது. உங்களைப் போன்றவர்களுக்கு இப்போது உள்ளூர் நன்கொடையும் சிஎஸ்ஆரும்தான் வழி. அந்தக் கம்பெனிக்கு எழுதும் பட்ஜெட்டில் கணக்காளர் சம்பளத்தில் ஒரு பங்கையும் ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தையும் தயங்காமல் தனி வரியாகப் போடுங்கள். "உங்களுக்குப் பிறகு யார்?" என்று கேட்டவர்கள் அவர்கள்தான். அந்த ஆள் உருவாவதற்கு ஆகும் செலவையும் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

உங்களுடையது சங்கமா, அறக்கட்டளையா என்று நீங்கள் எழுதவில்லை. 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிந்த சங்கம் என்றால் செயற்குழுவின் பதவிக் காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. அடுத்த பொதுக்குழுவில் பழைய மாணவர்கள் இரண்டு பேர் செயற்குழுவுக்கு வரட்டும். வேலையை விட்டுப் போன அந்தப் பையன்களையே கேளுங்கள், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். அறக்கட்டளை என்றால் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆடிட்டரோடு உட்கார்ந்து படியுங்கள். எதுவாக இருந்தாலும் வங்கிக் கணக்கில் இரண்டாவது கையெழுத்து இந்த வருடத்துக்குள் வந்தாக வேண்டும்.

அக்காவை நீங்கள் மீற வேண்டாம். சூளை முதலாளியிடம் முன்பணக் கணக்கை எப்படிப் பேசினார், பிள்ளையை அனுப்ப மறுத்த அப்பாவிடம் என்ன சொன்னார், எந்தத் தலைமையாசிரியர் டி.சி. இல்லாமலே சேர்த்துக்கொண்டார் என்பதெல்லாம் அவர் மனதில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு சாயங்காலம் நோட்டுப் புத்தகத்தோடு போய் அவரைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நாளில் முடியாது, நாலைந்து முறை போக வேண்டியிருக்கும். அதை எழுதி வைப்பதும் உங்கள் நிறுவனத்துக்கு அவசரமான வேலைதான்.

அந்தப் பேச்சுக்கு நடுவில் சாக்பீஸ் விஷயத்தை, எனக்கு எழுதியது போலவே, அவரிடமும் சொல்லுங்கள். இரண்டு மையங்களின் ஒரு வருடச் செலவை முழுதாக உங்களிடம் விடச் சொல்லிக் கேளுங்கள். மாதக் கடைசியில் பில்லோடு கணக்குக் காட்டுகிறேன், நடுவில் தப்பு செய்தாலும் அந்த மாதம் முடியும்வரை கை வைக்காதீர்கள் அக்கா என்று சொல்லுங்கள். ஜூனில் பள்ளி திறந்துவிடும், அதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்.